அலறுவதற்கு முன்

எங்கள் ஸ்டூடியோவில் செத்துப்போன பெண்கள் எல்லோரும் ஒரே குரலில்தான் செத்தார்கள். மலையிலிருந்து தள்ளப்பட்டவள், பேயைப் பார்த்தவள், குளியலறையில் கத்தியோடு நிற்கிறவனைக் கண்ணாடியில் கண்டவள் எல்லோருக்கும் அலறிக் கொடுத்தது ஒரே ஆள். அவளை நாங்கள் அலறல் அக்கா என்று கூப்பிடுவோம். வெளிநாட்டுத் தொடர்களை வாங்கி, நம் பேச்சில் குரல் கொடுத்து விற்கிற இடம் அது. நான் அங்கே குழந்தைக் குரல். வயது ஐம்பதைத் தொடுகிறது, இன்னும் பல் முளைக்காத வாண்டுகளுக்கு நான்தான் அழுகிறேன். அதனால் எல்லோருக்கும் நான் பாப்பா. எனக்கு யார்மேலும் பெரிய மரியாதை கிடையாது. குழந்தையாகவே பேசிப் பேசிப் பெரியவர்களைக் கீழேயிருந்து பார்த்துப் பழகிவிட்டேன். கீழேயிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிய மனிதருக்கும் முதலில் தெரிவது மூக்கு ஓட்டைதான்.

அலறல் அக்காமேல் மட்டும் எனக்கு மரியாதை இருந்தது. அலறுவது லேசான வேலை இல்லை. தெருவில் நாய் துரத்தினால் யார் வேண்டுமானாலும் அலறலாம். திரையில் ஒருத்தி வாய் திறக்கிற அதே நொடியில் திறந்து, அவள் மூடுகிற இடத்தில் மூடி, தொண்டை கிழியாமல், மறுநாளும் வந்து அலற வேண்டும். அக்கா வயிற்றிலிருந்து அலறுவாள். கேட்டால் நமக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊரும்.

அந்த அக்கா ஒரு வருடமாக என்னமோ போல இருந்தாள். எப்போதும் கருப்பு உடுப்பு. கைப்பை வீங்கியிருக்கும். பெஞ்சில் உட்காரும்போது ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்பாள். எல்லாவற்றையும்விடக் கெடுதலாகப் போனது அவள் தண்ணீர் குடிக்காததுதான். வாய் காய்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். நம் காதுக்குக் கேட்காது, மைக்குக்குக் கேட்கும்.

சம்பவம் நடந்த அன்றைக்கு ஒரு பேய்த் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர். முதலாளியின் மருமகன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. பொத்தானை அமுக்கினால் அவன் பேசுவது உள்ளே நிற்கிறவர்களுக்கும் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்கும் கேட்கும். உள்ளே மைக்கில் பேசுவதும் அப்போது பெஞ்சுக்குக் கேட்கும். அந்தப் பொத்தானை விடவேண்டும் என்கிற அறிவு மட்டும் அவனுக்குக் கடைசிவரை வரவே இல்லை.

“அக்கா, வாய்க்குள்ள பல்லி வளக்கறீங்களா? டிக்கு டிக்குங்குது. இன்னொரு டேக்.”

அக்கா மறுபடி அலறினாள். மறுபடி டிக். மறுபடி அலறல். ஒவ்வொரு தடவையும் அடி வயிற்றிலிருந்து கொடுத்தாள். நாலைந்து டேக் போன பிறகு அவள் அப்படியே அசையாமல் நின்றுவிட்டாள். ஸ்க்ரிப்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு. எதிரொலி வராமலிருக்கத் தரை முழுக்கச் சாம்பல் நிறக் கார்ப்பெட். அவள் காலடியில் அது கருத்துக்கொண்டே போனது.

“என்ன அது, ஏசி ஒழுகுதா?” என்றான் டைரக்டர். பிறகு புரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த இன்ஜினியரிடம் திரும்பிச் சிரித்தான். பொத்தானில் விரல் அப்படியே இருந்தது. “யோவ், அடுத்த தடவை அக்காவுக்கு ஒரு டயாபர் வாங்கி வைங்கப்பா. பாப்பாகிட்டக் கேளுங்க, வீட்ல மிச்சம் இருக்கும்.”

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கதாநாயகிக் குரல் சிரித்தாள், வில்லன் குரல் சிரித்தான். அம்மா குரல் என்று ஒருத்தி இருக்கிறாள், தொடருக்குத் தொடர் பிள்ளைக்காக உருகுகிறவள், அவள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நடிக்கிற பாசத்துக்கு வாங்குகிற சம்பளத்தில் கொஞ்சம் நிஜப் பாசமும் வாங்கி வைத்திருக்கலாம்.

அக்கா கதவைத் திறந்து வந்தாள். கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நேரே வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பஸ் நிறுத்தத்தில் வைத்துத்தான் கேட்டேன். “எவ்வளவு நாளாக்கா?”

“சின்னவன் பொறந்ததுலேர்ந்தே லேசா இருக்கு. தும்மினா ஒரு சொட்டு. மாடி ஏறினா ஒரு சொட்டு. மாசாமாசம் வர்றது நின்னதுக்கு அப்புறம் ஜாஸ்தியாயிடுச்சு. இப்ப இந்த வறட்டு இருமல் வேற. இருமினாலே போச்சு.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“உங்க மாமாகிட்ட சொன்னேன்.”

அவள் புருஷனைத்தான் மாமா என்கிறாள். மாமா குடிநீர் வாரியத்தில் குழாய்க் கசிவுப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் குழாய் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கினார், அவர் காலத்தில் ஊரே ஒழுகியது. கசிவு என்று யார் வந்து சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான்: பழைய லைன், அப்படித்தான் இருக்கும். அதே பதிலைத்தான் பெண்டாட்டிக்கும் சொல்லியிருந்தார்.

“வயசாச்சுல்ல, எல்லாப் பொம்பளைங்களுக்கும் உள்ளதுதான், தண்ணியைக் குறைச்சுக்கன்னாரு. நானும் குறைச்சுப் பார்த்தேன்.”

இதே மாமாவுக்குப் போன வருடம் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. ஆண்களுக்கு அந்த வயதில் வருகிற ப்ராஸ்டேட் வீக்கம்தான். வீடே ஆஸ்பத்திரியானது. வெளியூர் மகன்கள் லீவு போட்டு வந்தார்கள், பெரிய ஸ்பெஷலிஸ்ட், அவருக்கும் மேலே ஒரு ஸ்பெஷலிஸ்ட், ஸ்கேன்மேல் ஸ்கேன். இன்றைக்கு எப்படிப் போனது, வேகமாகவா மெதுவாகவா என்று சொந்தக்காரர்கள் ஃபோனில் விசாரித்தார்கள். அவரும் வெட்கமே இல்லாமல் விவரமாகச் சொன்னார். அவருடைய மூத்திரம் குடும்ப விஷயம். அவளுடையது அசிங்கம்.

ஸ்டூடியோவில் நடந்ததை அன்று சாயங்காலம் அக்கா அவரிடம் சொன்னபோது, மனுஷர் முதலில் கேட்டது, “அங்க என் ஃப்ரெண்டு யாராவது இருந்தானா?” என்றுதானாம். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பூங்காவில் கூட நடக்கிறவரின் மகன் ஒரு நிலையம் திறந்திருக்கிறான், அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவரும் வருகிறாரா என்று அக்கா கேட்டாள். “பொம்பளைங்க விஷயத்துல நான் எதுக்கு?” என்றாராம். அதனால் நான் போனேன்.

அந்த இடத்தில் எல்லாமே இளஞ்சிவப்பு. சுவர், திரை, தண்ணீர் கோப்பைகூட. பூங்காக்காரரின் மகன் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். டாக்டரா என்று கேட்டேன். “கன்சல்டன்ட்” என்றான். எதற்குக் கன்சல்டன்ட் என்று கேட்டேன். “வெல்னஸ்” என்றான். அதற்குமேல் கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

நாற்காலி முடிவெட்டும் கடை நாற்காலி மாதிரிதான், அடியில் மட்டும் ஒரு பெட்டி. அதிலிருந்து காந்த அலை வந்து தசையைத் தானாகச் சுருக்குமாம். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

“எல்லாருக்கும் சரியாயிடுமா?” என்று அக்கா கேட்டாள்.

“மேடம், இது வெறும் லீக்கேஜ் விஷயம் இல்ல. இளமையே திரும்பும். உங்க வீட்டுக்காரர் எவ்வளவு சந்தோஷப்படுவார் பாருங்க.”

“அவர் சந்தோஷப்படறதுக்கு நான் எதுக்குத் தம்பி கரண்டுல உக்காரணும்? அவரையே உக்கார வை.”

அவன் சிரித்துக்கொண்டே பேக்கேஜ் பற்றி ஆரம்பித்தான். அவளைச் சோதித்துப் பார்க்கவில்லை, என்ன வியாதி, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்புக் கடையில்கூடக் காலை அளந்து பார்க்காமல் விற்பதில்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அந்த நாற்காலி யாருக்காவது உபயோகப்படுமோ என்னமோ, எனக்குத் தெரியாது. அவனால் யாருக்கும் உபயோகமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்தது ஒரு பெண் டாக்டர். பேர் போனவள், காத்திருப்பு அறையில் நிற்க இடமில்லை. உள்ளே போனதும் இருமச் சொன்னாள், பார்த்தாள், சிறுநீரைப் பரிசோதித்துக் கிருமி எதுவும் இல்லை என்றாள். இது அழுத்தத்தால் வருகிற கசிவு, இருமல் தும்மல் சிரிப்பு எதுவானாலும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும், தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்திருந்தால் ஒழுகும் என்றாள். அந்த மட்டும் ஒழுங்காகத்தான் சொன்னாள். அடுத்த மூச்சிலேயே, “ஆபரேஷன் பண்ணிடலாம். ஒரு நாடா வெச்சுத் தாங்கிடுவேன். அப்படியே கர்ப்பப்பையும் சும்மாதானே இருக்கு, அதையும் எடுத்துடலாம்” என்றாள். வீட்டைக் காலி செய்கிறவர்களிடம் பழைய சாமான்காரன் கேட்கிற மாதிரி.

“ஆபரேஷன் இல்லாம வழியே இல்லையா டாக்டர்?”

“இருக்கு. எக்சர்சைஸ். மாசக்கணக்குல தினமும் பண்ணணும். பெரிய ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்துல பிசியோதெரபி இருக்கு, அங்க ஒருத்தி சொல்லிக் குடுக்கறா. ஆனா யாரு பண்றா? உங்களை மாதிரி ஆளுங்க ரெண்டு நாள் பண்ணிட்டு விட்டுடுவீங்க.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அது திட்டாகக்கூடத் தோன்றியிருக்காது. ஆனால் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டே அக்கா என்னிடம் கேட்டாள்: “என்னை மாதிரி ஆளுன்னா எந்த மாதிரி ஆளு?”

“தெரியலைக்கா.”

“எனக்கும் தெரியலை. ஆனா அவளுக்குக் காட்டணும்.”

நல்ல எண்ணத்தில் தொடங்குகிற காரியம் எத்தனை பாதியில் நின்றுபோகிறது என்று எனக்குத் தெரியும். எரிச்சலில் தொடங்கினால் கொஞ்ச தூரம் ஓடும்.

பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது அந்த இடம். வெந்நீர் ஆவி வாடை. ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை, பழைய ஃபேன். பிசியோதெரபிஸ்ட் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்பான முகம் என்று சொல்ல முடியாது. கேள்விகளை மட்டும் விடாமல் கேட்டாள். எத்தனை பிரசவம், எப்போது ஒழுகும், அவசரமாக வந்து அடக்க முடியாமல் போகிறதா, மலச்சிக்கல் உண்டா, ஒரு நாளைக்கு எவ்வளவு காபி. “தண்ணி?” என்றாள்.

“குடிக்கறதே இல்ல.”

“யாரு சொன்னா?”

“வீட்டுக்காரர்.”

“அவர் என்ன டாக்டரா?”

“குடிநீர் வாரியம்.”

அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். “தண்ணி குடிக்காட்டி மூத்திரம் கெட்டியாகி எரிச்சல் தரும், மலச்சிக்கல் வரும், முக்குவீங்க, இன்னும் தளரும். சாதாரணமாக் குடிங்க. காபியைக் குறைங்க. இருமல் எப்பலேர்ந்து?”

“பிரஷர் மாத்திரை மாத்தினதுலேர்ந்து.”

“அந்த வகை மாத்திரையில சிலபேருக்கு வறட்டு இருமல் வரும். நீங்களா நிறுத்தாதீங்க. குடுத்த டாக்டர்கிட்டப் போய் இருமலைச் சொல்லி வேற எழுதி வாங்குங்க. வாளியில ஒரு ஓட்டையை அடைச்சுக்கிட்டே இன்னொண்ணு குத்திட்டிருந்தா எப்படி?”

பிறகு திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்கச் சொன்னாள். நான் இந்தப் பக்கம் ஸ்டூலில். கையுறை மாட்டுகிற சத்தம் கேட்டது. “விரலை வைக்கறேன், வலிச்சா சொல்லுங்க. இப்ப காத்து பிரியாம அடக்கற மாதிரி, ஒண்ணுக்கையும் சேர்த்து அடக்கற மாதிரி இறுக்கி மேல இழுங்க.”

அக்கா முக்குகிற சத்தம் கேட்டது.

“இது இறுக்கறது இல்ல, முக்கறது. கதவைச் சாத்துன்னா தொறக்கறீங்க. மறுபடி. ம்ஹூம், இப்ப தொடையை இறுக்கறீங்க. இப்ப புருவத்தை இறுக்கறீங்க. புருவத்துல எந்தத் தசையும் மூத்திரத்தைப் பிடிக்காதும்மா. மூச்சை விடுங்க. ஆங், அது. அதேதான். கெடைச்சுதா?”

“ரொம்ப லேசா இருக்கே.”

“லேசாத்தான் இருக்கும். தூங்கிட்டிருந்த தசை. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“அலறல்.”

“என்ன?”

அக்கா விளக்கினாள். அவள் நம்பவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி, வயிற்றில் ஒரு கையை வைத்து, “எங்க, எப்பவும் அலறுற மாதிரி ஒரு தடவை அலறிக் காட்டுங்க” என்றாள்.

“இங்கயா?”

“இங்கதான். எப்படிப் பண்றீங்கன்னு தெரியாம நான் என்னத்தைச் சொல்றது?”

அக்கா அலறினாள். குளியலறைக் கத்திக்காரனுக்கு என்று வைத்திருக்கிற அலறல். சலவை அறையில் எதுவோ விழுந்து உடைந்தது. காவலாளி தடியோடு ஓடிவந்தான், அவன் பின்னால் இரண்டு நர்சுகள், அவர்கள் பின்னால் கட்டுப் போட்ட காலோடு ஒரு நோயாளி. திரையை விலக்கிப் பார்த்தால் அக்கா நின்றுகொண்டிருக்கிறாள், பிசியோதெரபிஸ்ட் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறாள். “ஒண்ணுமில்ல, பயிற்சி” என்றாள் தலையைத் திருப்பாமலே. காவலாளி அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

“எல்லாத்தையும் கீழ தள்ளி அலறுறீங்க” என்றாள். “குழந்தை பெக்கற மாதிரி. பல வருஷமா தினமும் பிரசவம் பாத்துட்டிருக்கீங்க. இனிமே அலறுறதுக்கு ஒரு நொடி முன்னாடி, அந்தத் தசையை இறுக்கி மேல தூக்குங்க. தூக்கிட்டு அலறுங்க. இருமலுக்கும் தும்மலுக்கும் வாளி தூக்கறதுக்கும் அதே. முன்னாடி. அப்புறம் இல்ல.”

தினமும் காலை மதியம் மாலை. மெதுவாக இறுக்கிப் பிடித்து மெதுவாக விடுவது கொஞ்சம், சட்சட்டென்று இறுக்கி விடுவது கொஞ்சம். விடுவதும் பயிற்சிதான், எப்போதும் இறுக்கிக்கொண்டே திரியக்கூடாது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளக்கூடாது. மூன்று மாதம் கழித்துத்தான் பலன் பற்றிப் பேச்சு, அதுவரைக்கும் புலம்பிக்கொண்டு வரக்கூடாது. இதுதான் வைத்தியம். மருந்தில்லை, கத்தியில்லை, இளஞ்சிவப்பு நாற்காலியில்லை.

முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், இருமல் மெல்ல அடங்கியது. மற்றபடி அப்படியேதான். இதற்கிடையில் ஸ்டூடியோவிலிருந்தும் அவளைக் கூப்பிடவில்லை. என்னவென்று பார்த்தால், டைரக்டர் பழைய தொடர்களிலிருந்து அக்காவின் அலறல்களையே வெட்டியெடுத்துப் புதிய தொடரில் ஒட்டிக்கொண்டிருந்தான். ஆளை வீட்டில் உட்காரவைத்துவிட்டு அவள் அலறலை மட்டும் திருடினான். திருட்டிலும் திறமை வேண்டாமா? ரயிலில் மாட்டிக்கொண்டவளுடைய அலறலை எடுத்து எலியைப் பார்த்தவளுக்கு வைத்திருந்தான். எலியே பயந்து செத்திருக்கும்.

ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

“விட்டுட்டேன் பாப்பா. நாலு நாளாப் பண்ணலை. வாளியைத் தூக்கறப்ப மறுபடி போயிடுச்சு. எதுக்கு இந்தக் கூத்து?”

எனக்குத் தட்டிக்கொடுக்கத் தெரியாது. “அப்ப அந்த டாக்டரம்மா சொன்னது சரிதான்” என்றேன். “ரெண்டு நாள்ல விடலை. நாலு வாரம் கழிச்சு விட்டீங்க. அந்த வித்தியாசத்தை வேணா அவங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டு வரலாம், கெளம்புங்க.”

அக்கா என்னை முறைத்தாள். ஹாலிலிருந்து மாமா குரல் கொடுத்தார்: “நான் அப்பவே சொன்னேன்ல, பழைய லைனு...”

“நீங்க டிவியைப் பாருங்க” என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. ஆனால் டிவியின் சத்தம் உடனே குறைந்தது. பிறகு அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அங்கேயே தொடங்கினாள். நான் காபியைக் கலந்து குடித்தேன். அவளுக்குக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் விடவில்லை. பஸ்ஸில் நிற்கும்போது செய்தாள், ரேஷன் வரிசையில் செய்தாள், மாமா குடிநீர் வாரியக் கதைகளைச் சொல்லும்போதெல்லாம் செய்தாள். அந்தக் கதைகள் நீளம் என்பதால் நல்ல பயிற்சி. புருவம் நெளிவது நின்றது. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் ஃபோன் செய்து, “தும்மினேன்” என்றாள். “சரி, அதுக்கென்ன?” என்றேன். “அவ்வளவுதான். தும்மினேன். வேற ஒண்ணும் இல்லை” என்றாள்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வேகமாக ஓடினால் இன்னும் கொஞ்சம் கசிந்தது. அந்த மாதிரி நாட்களுக்கென்று அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் ஒரு டாக்டரிடம் அனுப்பி, உள்ளே வைத்துக்கொள்கிற சிலிகான் வளையம் ஒன்றை அளவு பார்த்து வாங்கிக் கொடுத்தாள் பிசியோதெரபிஸ்ட். கழற்றிக் கழுவி மறுபடி வைத்துக்கொள்ளலாம். “இதை முன்னாடியே குடுத்திருக்கலாமே” என்றாள் அக்கா. “குடுத்திருந்தா பயிற்சி பண்ணியிருக்கமாட்டீங்க” என்றாள் அவள், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே. அவளும் எல்லோரையும்போலத்தான், நோயாளிகளை நம்புவதில்லை. ஆனால் கற்றுக்கொடுத்துவிட்டு நம்பாமல் இருந்தாள்.

அப்போதுதான் ஸ்டூடியோவுக்கு அந்தப் படம் வந்தது. பனியில் மாட்டிக்கொண்ட ஒரு காரில் ஒருத்தி தனியாகப் பிள்ளை பெறுகிறாள். படத்தில் பாதிக்குமேல் அதுதான். திருடி வைத்திருந்த அலறல் எதுவும் வாய்க்குப் பொருந்தவில்லை. கதாநாயகிக் குரலைப் போட்டுப் பார்த்தார்கள், கால் இடித்துக்கொண்டவள் மாதிரி முனகினாள். படத்தை வாங்கியவர் காறித் துப்பாத குறை. டைரக்டர் அக்காவுக்கு ஃபோன் செய்தான்.

“அக்கா, உங்களை விட்டா யாருக்கா?”

“வரேன். ஒரு கூஜா தண்ணி மைக் பக்கத்துல இருக்கணும். நான் கையைத் தூக்கினா நிறுத்தணும், எதுக்குன்னு கேக்கக்கூடாது. அப்புறம் பெண்கள் கழிவறைச் சாவியை உன் மேஜை டிராயர்லேர்ந்து எடுத்துக் கதவுலயே மாட்டு.”

பெண்கள் அடிக்கடி போய் நேரத்தைப் போக்குகிறார்கள் என்று சாவியை அவன்தான் வைத்திருந்தான். யாருக்கு வந்தாலும் அவனிடம் போய்ச் சிரித்து வாங்க வேண்டும். இத்தனை வருடமாக நாங்களும் சிரித்து வாங்கிக்கொண்டிருந்தோம். எங்கள்மேலும் எனக்கு மரியாதை இல்லை என்று சொன்னேனா?

அக்கா வந்தாள். கருப்பை விட்டு வெளிர் நீலத்தில் உடுத்தியிருந்தாள். எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறக்கிற குழந்தைக்கு நான்தான் அழ வேண்டும் என்பதால் நானும் உள்ளே பக்கத்து மைக்கில் நின்றேன். அதனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு அலறலுக்கும் முன்னால் அவள் தோள் தளர்ந்தது, தாடை தளர்ந்தது, ஒரு இமைப்பொழுது எங்கோ உள்ளே கவனித்தாள். பிறகு வாய் திறந்தாள். முன்பு கேட்டதெல்லாம் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் அடைபட்ட குரல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயந்து பயந்து அலறியிருக்கிறாள், பாவி. இப்போது பயமில்லாமல் அலறினாள். தலை வெளியே வருகிற இடத்தில் எனக்கு என் அழுகையைத் தொடங்க மறந்துபோய், அந்த டேக் வீணானது. அக்கா கோபிக்கவில்லை. கையைத் தூக்கினாள், கழிவறைக்குப் போனாள், வந்தாள், மறுபடி கொடுத்தாள்.

முடிந்ததும் ஸ்பீக்கர் கரகரத்தது. “சூப்பர்க்கா. கார்ப்பெட்டும் பொழைச்சுது போல!”

இன்ஜினியர்கூடச் சிரிக்கவில்லை. அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. மைக்கை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்தாள்.

“தம்பி, பொத்தானை விடாதே, வெளியில இருக்கறவங்களும் கேக்கட்டும். எனக்கு ஒழுகிச்சு. ஆமா. தசை தளர்ந்தா ஒழுகும். ஆபரேஷன் இல்லாமலே பயிற்சி பண்ணி ஏறக்குறைய நிறுத்தியாச்சு. மிச்சத்துக்கும் வழி வெச்சிருக்கேன். உன் வாய் ஒழுகறதுக்கு மட்டும் நானும் விசாரிச்சுப் பாத்துட்டேன், எந்த ஆஸ்பத்திரியிலயும் வைத்தியம் இல்லையாம்.”

பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்த அதே பற்கள். ஜெயிக்கிற பக்கம் எது என்று பார்த்துச் சிரிக்கிற ஜென்மங்கள். டைரக்டரும் சேர்ந்து சிரித்தான், வேறென்ன செய்வான். அடுத்த வாரமே இன்னொரு தொடருக்கும் அவளைக் கூப்பிட்டான். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். “அவனுக்காகவா அலறுறேன்? எனக்குப் பிடிச்சிருக்கு பாப்பா” என்றாள். எனக்கு அது புரியவே இல்லை.

நாங்கள் படியிறங்கும்போது அம்மா குரல் பின்னாலேயே வந்தாள். நான் நடையை வேகமாக்கினேன். அவள் அக்காவின் கையைப் பிடித்துவிட்டாள்.

“அக்கா, அந்த ஆஸ்பத்திரி... எந்தப் பக்கம்?”

“யாருக்கு?” என்றேன் நான், வேண்டுமென்றே.

“தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு.”

“தெரிஞ்சவங்களுக்கு எப்பலேர்ந்து?” என்றாள் அக்கா.

அம்மா குரல் படியைப் பார்த்தாள். “மூணாவது பொண்ணு பொறந்ததுலேர்ந்து. அழற சீன்ல ஒண்ணும் இல்ல. சிரிச்சாத்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “அன்னிக்கு உங்களைப் பாத்து சிரிச்சப்பகூட” என்றாள்.

எனக்கு அப்போது வந்த வார்த்தைகளை ஒரு குழந்தைக் குரலும் பேசியதில்லை. அக்கா என் கையை அழுத்தினாள்.

“செவ்வாய்க்கிழமை காலையில வா. நாங்களே கூட்டிட்டுப் போறோம். பெரிய ஆஸ்பத்திரி, கீழ்த்தளம். அவ திட்டுவா, கண்டுக்காதே.”

செவ்வாய்க்கிழமை வந்தாள். எனக்கு வர மனமில்லை, ஆனால் அக்கா ஜன்னலோர சீட்டில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். பஸ் முழுக்க அம்மா குரல் பேசிக்கொண்டே வந்தாள், அக்காவின் திறமை பற்றி அவள் என்றைக்கும் சந்தேகப்பட்டதே இல்லை, எல்லோரிடமும் எடுத்துச் சொன்னது அவள்தான் என்று. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தோளைத் தளர்த்தி, தாடையைத் தளர்த்தி, எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள்.